கடைசிச் சுற்றில் யாருக்கு என்ன வேண்டும்?

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. செஸ்ஸில் எந்தக் காய் எப்படி நகரும் என்பது தெரியும், அவ்வளவுதான். 2024 ஏப்ரலில் டொராண்டோவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியின் கடைசிச் சுற்றைப் பேரனோடு உட்கார்ந்து ராத்திரி முழுக்கப் பார்த்தேன். சில சந்தேகங்கள் இன்னும் தீரவில்லை. குகேஷ் ஜெயிக்க முயலாமல் டிராவில் முடித்தது ஏன்? முடித்த பிறகும் அவர் ஜெயித்துவிட்டார் என்று யாரும் சொல்லவில்லையே, ஏன்? அடுத்த பலகையில் கருவானா ஜெயிக்கப்போகிறார் என்று திரையோரப் பட்டை காட்டியது. அப்புறம் சமம் என்றது. மறுபடி ஏறியது, மறுபடி இறங்கியது. அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் கைக்கு வந்த ஆட்டத்தை விடுவாரா? "உள்ளுக்குள் பேசி வைத்திருப்பார்கள்" என்கிறார் என் அண்ணன். இனி இப்படியொரு கடைசிச் சுற்று வந்தால் என்னைப் போன்றவர்கள் எதைப் பார்த்துப் புரிந்துகொள்வது?
— ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் எல்லாச் சந்தேகங்களுக்கும் வேர் ஒன்றுதான். மற்றச் சுற்றுகளில் நல்ல நகர்வு எது என்பதைப் பலகை சொல்லிவிடும். கடைசிச் சுற்றில் பலகை பாதிதான் சொல்லும். மீதிப் பாதி புள்ளிப் பட்டியலில் இருக்கிறது. யாருக்கு என்ன வேண்டும், டிரா போதுமா, வென்றே ஆகவேண்டுமா என்பது தெரியாமல் பார்த்தால் கிராண்ட்மாஸ்டருக்கே அந்த ஆட்டம் விளங்காது. தெரிந்துகொண்டு பார்த்தால், காய் நகர்த்த மட்டும் தெரிந்தவருக்கும் முக்கால்வாசி விளங்கிவிடும். ஐபிஎல் லீக் சுற்றின் கடைசி நாளில் நம் அணி ஆடாவிட்டாலும் வேறு இரண்டு அணிகளின் ஆட்டத்தை நகம் கடித்துக்கொண்டு பார்க்கிறோமே, அதே கணக்குதான் இங்கும்.

டொராண்டோ கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மொத்தம் 8 பேர். ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரோடும் இரண்டு முறை மோத வேண்டும் என்பதால் 14 சுற்றுகள். வென்றால் 1 புள்ளி, டிரா என்றால் அரைப் புள்ளி. 13 சுற்று முடிந்தபோது குகேஷ் 8.5. நாகமுரா, நெபோம்னியாச்சி, கருவானா மூவரும் 8. கடைசிச் சுற்றில் இந்த நால்வரும் தங்களுக்குள்ளேயே மோதும்படி அட்டவணை அமைந்திருந்தது. நாகமுராவுக்கு வெள்ளைக் காய், எதிரே குகேஷ். கருவானாவுக்கு வெள்ளைக் காய், எதிரே நெபோம்னியாச்சி. முதலிடம் பிடிப்பவருக்கு அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரனோடு மோதும் உரிமை.

இப்போது ஒவ்வொருவர் நாற்காலியிலும் உட்கார்ந்து யோசியுங்கள். குகேஷ் வென்றால் 9.5, மற்ற ஆட்டம் எப்படி முடிந்தாலும் போட்டி அவருடையது. டிரா செய்தால் 9. அடுத்த பலகையும் டிரா ஆனால் அவரே தனி முதல்வர். அங்கே யாராவது வென்றால் அவரும் 9 ஆகி, மறுநாள் இருவரும் ரேபிட் டைபிரேக், அதாவது சமனை முறிக்கும் வேக ஆட்டங்கள், ஆடவேண்டும். குகேஷ் தோற்றால் 8.5-லேயே நின்றுவிடுவார், நாகமுரா 9-க்குப் போய்விடுவார், கதை முடிந்தது. மற்ற மூவருக்கோ கணக்கு இன்னும் கறாரானது. அவர்கள் டிரா செய்தால் 8.5-தான், குகேஷ் தோற்று, நாகமுரா 9 எட்டினாலும் சரி, குகேஷே 9 எட்டினாலும் சரி, அது பயன்படாது. அதாவது அந்த மூவருக்கு அன்றைக்கு டிராவும் தோல்வியும் ஒன்று.

உங்கள் முதல் கேள்விக்கு இதிலேயே விடை இருக்கிறது. கறுப்புக் காயோடு, வென்றே ஆகவேண்டிய ஒருவருக்கு எதிராக ஆடும்போது, டிரா என்பது குகேஷுக்கு மிகப் பெரிய சொத்து. தானாகப் போய்ச் சிக்கலைக் கிளறினால் நாகமுரா எதிர்பார்த்த குழப்பத்தை அவர் கையில் கொடுத்ததாக ஆகும். அதனால் அவர் ராணி கேம்பிட் ஏற்பு என்ற, பல காலமாக அலசப்பட்ட, உறுதியான தொடக்கத்தை எடுத்தார். வெள்ளையின் முன்னிலை மெல்லக் கரைந்தது. நாகமுரா விடாமல் இழுத்துப் பார்த்தார். 71 நகர்வுகள் போயின. டிரா என்று முன்னமே தெரிந்தும் ஏன் இழுத்தார் என்று தோன்றும். டிரா அவருக்கு எதுவும் தராது என்பதால் எதிராளி ஒரு முறையாவது தடுக்கி விழுவாரா என்று காத்திருப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை. குகேஷ் தடுக்கவில்லை. 17 வயதுப் பையனிடம் நான் அதிகம் வியந்தது அன்றைய அந்த நிதானத்தைத்தான்.

கைகுலுக்கிய பிறகும் யாரும் வெற்றி அறிவிக்காததற்குக் காரணம் அடுத்த பலகை. அங்கே இன்னும் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. யாராவது வென்றால் மறுநாள் டைபிரேக். தன் வேலை முடிந்தும் தன் விதி வேறு இருவர் கையில். குகேஷ் அந்த ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, தன் உதவியாளர் கஜெவ்ஸ்கியோடு காலாற நடக்கப் போய்விட்டார்.

இனி கருவானா ஆட்டம். அதைப் புரிந்துகொள்ள, பட்டையை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். டொராண்டோவில் ஒவ்வொருவருக்கும் முதல் 40 நகர்வுகளுக்கு 120 நிமிடம். அதுவரை ஒரு நொடிகூடக் கூடுதல் கிடையாது. 40-ஐக் கடந்தால் மேலும் 30 நிமிடம். 41-வது நகர்விலிருந்துதான் ஒவ்வொரு நகர்வுக்கும் 30 நொடி சேரும். இந்த ஏற்பாட்டில் 30-க்கும் 40-க்கும் இடைப்பட்ட நகர்வுகள்தான் கண்டம். யோசிக்க வேண்டிய இடத்தில் நேரம் இருக்காது. கருவானா அதுவரை அருமையாக ஆடி வெற்றி நிலைக்கு வந்துவிட்டிருந்தார். ஆனால் நேரம் நெருக்கிய கட்டத்தில் பிடி நழுவியது. அதற்குப் பிறகும் வாய்ப்புகள் வந்தன, போயின. ஆட்டம் 109 நகர்வுகள் ஓடி டிராவில் முடிந்தது. டொராண்டோவில் பிற்பகல் இரண்டரைக்குத் தொடங்கிய சுற்று. நமக்கு அது நள்ளிரவு 12 மணி. இருவருக்கும் டிரா பயனில்லை என்பதால்தான் ஆட்டம் அத்தனை நேரம் நீண்டது. முடிந்தபோது இருவருமே முதலிடப் போட்டியிலிருந்து வெளியேறியிருந்தார்கள். குகேஷ் 9 புள்ளியோடு தனி முதல்வர், மற்ற மூவரும் 8.5.

அப்படியானால் பட்டை சொன்னது பொய்யா? பொய் இல்லை. பட்டைக்குப் பின்னால் இருப்பது ஸ்டாக்ஃபிஷ் போன்ற எஞ்சின். இரண்டு பக்கமும் பிழையே செய்யாமல் ஆடினால் யார் கை ஓங்கும் என்று அது சொல்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எவ்வளவு நேரம் மிச்சம், எவ்வளவு களைப்பு, அடுத்த பலகையில் என்ன நடக்கிறது, தோற்றால் என்ன போகும் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஐந்து மணி நேரம் உட்கார்ந்த மனிதர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்க வேண்டிய நகர்வை எஞ்சின் கண்ணிமைக்கும் நேரத்தில் கண்டுபிடித்து, "வெள்ளை ஜெயிக்கிறது" என்று பட்டையை ஏற்றிவிடுகிறது.

பேரனிடம் ஒரு வேலை சொல்லுங்கள். எஞ்சின் தன் முதல் தேர்வை மட்டும் காட்டாமல், முதல் மூன்று நகர்வுகளையும் அவற்றின் மதிப்பையும் வரிசையாகக் காட்டும்படி வைக்கச் சொல்லுங்கள். மூன்றுமே வெற்றி என்றால், அந்த ஆட்டக்காரர் அநேகமாக ஜெயித்துவிடுவார். முதல் நகர்வு மட்டும் வெற்றி, மற்ற இரண்டும் சமம் என்றால் அவர் கம்பி மேல் நடக்கிறார். சமம் என்று பூஜ்யம் காட்டும்போதும் இதே சோதனைதான். எந்த நகர்வு ஆடினாலும் சமம் என்கிற பூஜ்யம் வேறு, ஒரே ஒரு நகர்வு ஆடினால்தான் சமம் என்கிற பூஜ்யம் வேறு.

இரண்டாவது வகைக்கு உங்களுக்கு நன்றாக நினைவிருக்கக்கூடிய உதாரணம் ஒன்று உண்டு. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன் பட்டத்துக்கான 14-வது, கடைசி ஆட்டம். குகேஷும் டிங்கும் தலா 6.5. வெள்ளைக் காய் டிங்குக்கு. அன்று டிரா ஆகியிருந்தால் மறுநாள் ரேபிட் டைபிரேக். டிங் டிராவையே நாடி ஆடினார். பலகையில் இருவருக்கும் ஒரு யானை, ஒரு பிஷப், சில சிப்பாய்கள். குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம். எஞ்சின் சமம் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. குகேஷுக்கோ இதில் தோற்கும் ஆபத்து கிடையாது, இழுத்துக்கொண்டே போகலாம். 55-வது நகர்வில் டிங் தன் யானையை இரண்டாம் வரிசைக்குக் கொண்டுவந்து, யானைக்கு யானை வெட்டிக்கொள்ளலாம் என்றார். காய்கள் குறைந்தால் டிரா எளிது என்று தோன்றும். ஆனால் அவருடைய பிஷப் பலகையின் மூலையில் நின்றிருந்தது. குகேஷ் யானையை வெட்டினார். அடுத்து தன் பிஷப்பை நடுப்பலகைக்குக் கொண்டுவந்து அதையும் வெட்டிக்கொள்ளச் சொன்னார். மூலையில் நின்ற பிஷப்புக்கு ஓட இடம் இல்லை. பிஷப்புகளும் போய், ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சின. அதில் ஒரு சிப்பாய் அதிகம் என்றால் போதும். 58-வது நகர்வுக்குப் பிறகு டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். ஒரே நகர்வில் சமம் தோல்வியானது. "டிராதான்" என்று திரையை அணைத்துவிட்டுப் படுத்தவர்கள் அதைத் தவறவிட்டார்கள்.

யாருக்கு என்ன வேண்டும் என்பதை அறிய ஆட்டத்தின் முதல் பத்து நகர்வே போதும் என்பதையும் சொல்ல வேண்டும். கறுப்புக் காய்க்காரருக்கு வெற்றி தேவை என்றால், அவர் சமநிலை சீக்கிரம் வந்துவிடும் தொடக்கங்களை ஒதுக்கிவிட்டு, இரண்டு பக்கமும் வேறுவேறு திசையில் இழுக்கும் தொடக்கத்தைத் தேர்வார். 2016 மாஸ்கோ கேண்டிடேட்ஸில் கர்யாகினும் கருவானாவும் கடைசிச் சுற்றில் நேருக்கு நேர் வந்தார்கள், இருவரும் சம புள்ளி. அப்போதெல்லாம் உடனே டைபிரேக் ஆட்டத்துக்குப் போவதில்லை; முதலில் அதிக வெற்றி போன்ற கணக்குகளை வைத்தே தீர்மானிப்பார்கள். அரைப் புள்ளி பின்னால் இருந்த ஆனந்த் தன் ஆட்டத்தை வெல்லாதவரை, டிரா கர்யாகினுக்குப் போதும், கருவானாவுக்குப் போதாது. கறுப்புக் காயோடு கருவானா அப்படிப்பட்ட தொடக்கமான சிசிலியனை ஆடினார். கர்யாகின் 37-வது நகர்வில் யானையைப் பலி கொடுத்து வென்றார். சிசிலியன் தவறான தேர்வு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். புள்ளிப் பட்டியல் அவருக்கு வேறு வழி விடவில்லை.

இதைவிடக் கொடுமையான கதை 2013 லண்டனில் நடந்தது. கார்ல்சனும் கிராம்னிக்கும் 13 சுற்று முடிவில் தலா 8.5. வெற்றி எண்ணிக்கையில் கார்ல்சன் ஒன்று கூடுதல் என்பதால், கிராம்னிக் அன்று கார்ல்சனைவிட அதிகம் எடுத்தாக வேண்டும். கார்ல்சனுக்கு வெள்ளைக் காய். அவர் தோற்பார் என்று யார் நினைப்பார்கள்? கிராம்னிக் கறுப்புக் காயோடு இவான்சுக்குக்கு எதிராக, தான் வழக்கமாக ஆடாத, துணிச்சலான பிர்க் தொடக்கத்தை ஆடினார். அந்தப் பக்கம் கார்ல்சன் ஸ்விட்லரிடம் தோற்றார். இப்போது கிராம்னிக்குக்கு ஒரு டிரா போதும். ஆனால் வெற்றிக்காக இறங்கிய அவர் நிலை அதற்குள் கெட்டுப்போயிருந்தது. அவரும் தோற்றார். இருவரும் தோற்றதால் பழைய கணக்கே நின்று, கார்ல்சன் தேர்வானார். அதே ஆண்டு நவம்பரில் சென்னைக்கு வந்து ஆனந்திடமிருந்து பட்டத்தைப் பறித்தவர் இப்படித்தான் அந்த வாசலைக் கடந்தார்.

உங்கள் அண்ணனின் சந்தேகத்துக்கு வருகிறேன். இந்த மாதிரிப் பேச்சு வரக்கூடாது என்பதற்காகவே அட்டவணையில் ஓர் ஏற்பாடு உண்டு. ஒரே நாட்டு ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு பாதியிலும் தொடக்கச் சுற்றுகளிலேயே மோதி முடித்துவிட வேண்டும். டொராண்டோவில் மூன்று இந்தியர்களும் இரண்டு அமெரிக்கர்களும் இருந்தார்கள். கருவானாவும் நாகமுராவும் முதல் சுற்றிலும் எட்டாம் சுற்றிலும் ஆடி முடித்துவிட்டார்கள். கடைசி நாளில் சக நாட்டவருக்கு விட்டுக்கொடுத்தார் என்று யாரும் சொல்ல முடியாது. அதைவிட வலுவான பதில் கணக்கிலேயே இருக்கிறது. கருவானா-நெபோம்னியாச்சி ஆட்டத்தின் டிரா இருவருக்கும் நஷ்டம், லாபம் முழுக்க குகேஷுக்கு. தங்களுக்கு நஷ்டமான முடிவுக்கு, அதுவும் 109 நகர்வு உழைத்து, யார் பேசி வைத்துக்கொள்வார்கள்?

முடிவை மாற்றுகிறவர்கள் பட்டியலின் மேலேயே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2025 பிப்ரவரி 2, நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீ ஊரில் டாடா ஸ்டீல் போட்டியின் கடைசிச் சுற்று. குகேஷும் பிரக்ஞானந்தாவும் சம புள்ளியில் முன்னிலை. அந்தப் போட்டியில் அடிமேல் அடி வாங்கியிருந்த அர்ஜுன் எரிகைசி, முந்தைய நாள் அப்துசத்தோரோவை வீழ்த்தியிருந்தார். கடைசி நாளில் குகேஷையும் வீழ்த்தினார். உடனே பிரக்ஞானந்தாவின் கணக்கு மாறிவிட்டது: கீமருக்கு எதிராக டிரா செய்தாலே கோப்பை. வெகுநேரம் தாங்கினார், கடைசியில் தோற்றார். மறுபடியும் சமம். பிளிட்ஸ் டைபிரேக்கில் முதல் ஆட்டம் குகேஷுக்கு, அடுத்தது பிரக்ஞானந்தாவுக்கு, தீர்மானிக்கும் ஆட்டமும் பிரக்ஞானந்தாவுக்கு. முன்னிலையில் இருந்த இருவரும் கடைசிச் சுற்றில் தோற்று, பிறகு தங்களுக்குள் ஆடிக் கோப்பையைத் தீர்த்துக்கொண்ட விசித்திரம் அது.

ஆக, அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள். சுற்று தொடங்குமுன் ஒரு தாளில் முதல் நான்கைந்து பேரின் புள்ளிகளை எழுதுங்கள். யாரோடு யார், யாருக்கு வெள்ளை என்று பக்கத்தில் குறியுங்கள். சமம் வந்தால் டைபிரேக் ஆட்டமா, வேறு கணக்கா என்று பேரனைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே "டிரா போதும்" அல்லது "வென்றே ஆகவேண்டும்" என்று எழுதுங்கள். ஒவ்வோர் ஆட்டம் முடியும்போதும் அந்தக் குறிப்பைத் திருத்துங்கள். சில சமயம் ஒரே கைகுலுக்கலில் மூன்று பேருடைய குறிப்பு மாறும். 30-வது நகர்வு நெருங்கியதும் கடிகாரத்தைப் பாருங்கள். பட்டையைக் கடைசியாகப் பாருங்கள்.

முதலிடம் முன்கூட்டியே முடிவாகிவிட்ட கடைசிச் சுற்றுகளும் உண்டு. 2014-இல் ஆனந்தும் 2022-இல் நெபோம்னியாச்சியும் ஒரு சுற்று மிச்சமிருக்கும்போதே கேண்டிடேட்ஸை வென்றுவிட்டார்கள். அப்போதும் தாளை மடித்து வைத்துவிடாதீர்கள். 2022-இல் மாட்ரிட்டில், கடைசிச் சுற்றில் இரண்டாம் இடத்துக்காக டிங் லிரனும் நாகமுராவும் மோதினார்கள். நாகமுரா அரைப் புள்ளி முன்னால். அவருக்கு டிரா போதும். வெள்ளைக் காயோடு டிங் வென்றார். இரண்டாம் இடத்துக்கு என்ன மதிப்பு என்று அன்று கேட்டவர்களுக்குச் சில வாரங்களில் பதில் கிடைத்தது: பட்டத்தைக் காக்க ஆடப்போவதில்லை என்று கார்ல்சன் அறிவித்தார். அதனால் 2023-இல் அஸ்தானாவில் நெபோம்னியாச்சியோடு மோத டிங் அழைக்கப்பட்டார், வென்று உலக சாம்பியன் ஆனார். அன்று நாகமுரா அந்த டிராவைப் பிடித்திருந்தால், சிங்கப்பூரில் குகேஷுக்கு எதிரே டிங் உட்கார்ந்திருக்கவே மாட்டார்.